செய்யூர்ப் பூவரசில் இரண்டு கண்கள்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மகள் வாணி என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று யார் கேட்டாலும், "மரத்துக்கு வர்ற தேமலைப் பத்தி" என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்ப்பதற்கும் அப்படித்தான் இருக்கும். மரப்பட்டையில் சாம்பலும் வெள்ளையுமாக வட்ட வட்டமாகப் படர்ந்திருக்குமே, அதுதான். நான் சொன்னதன் பலன், எங்கள் தெருவில் அவளுக்குத் தோல் டாக்டர் என்று பெயராகிவிட்டது. ஒரு நாள் ஒரு அம்மா கடையில் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, கை கழுவிய ஈரத்தோடு முழங்கையைத் திருப்பி வாணியிடம் நீட்டினார். இவளும் பழக்கதோஷத்தில் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டாள். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இது காளான் மட்டும்தாம்மா, பாசி இல்ல, என் கணக்குல வராது" என்றாள். அந்த அம்மா அதற்கப்புறம் எங்கள் கடைப் பக்கம் வருவதில்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் பொத்தேரியில் டிபன் கடை வைத்திருக்கிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் கடைசிப் பரீட்சை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. அன்றைக்கு பஸ்ஸோ ரயிலோ ஏறி எங்காவது போய்விட்டு வந்து, போனில் வாயால் சொல்லி இந்த வலைப்பதிவில் எழுதுகிறேன். பிழை திருத்துவது வாணி. கிண்டலில் மட்டும் கை வைக்கக் கூடாது என்பது உத்தரவு. இந்தத் தடவை கிண்டல் அவளைப் பற்றியே என்பதால் எவ்வளவு மிஞ்சுகிறதோ தெரியவில்லை.

போன காரணத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு லைக்கன் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், எனக்கே புரிந்துவிட்டது.

லைக்கன் தனி ஒரு செடி இல்லை. ஒரு காளானும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம். காளான் வீடு கட்டிக்கொடுத்து ஈரத்தைப் பிடித்துவைக்கும். பாசி வெயிலை வைத்துச் சமைக்கும். ஆனால் லைக்கனுக்கு என்று எழுதுகிற பெயர் காளானுடையது. சமைப்பது ஒருத்தர், வாசலில் பெயர்ப்பலகை இன்னொருத்தருக்கு. "அப்போ நம்ம தெருவுல பாதி வூடு லைக்கன்தான்" என்று நான் சொன்னபோது, என் வீட்டுக்காரர் காதில் விழாத மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். குருமாவில் போடுகிறோமே கல்பாசி, அதுவும் லைக்கன்தானாம். இருபது வருஷமாக அதைத் தாளித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத்தான் டாக்டர் பட்டம் தரவேண்டும்.

முன்பெல்லாம் இவற்றை வகை பிரித்தது கண்ணால் பார்த்துத்தான். நிறம் என்ன, ஓரம் எப்படி மடிகிறது, பொடி உதிர்கிறதா, ஒரு சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகிறதா, இப்படி. அந்தக் கணக்கில், நம் கடற்கரை மரங்களில் இருக்கும் ஒரு சாம்பல் லைக்கனும் உள்ளே தள்ளி வயல்பக்க மரங்களில் இருப்பதும் ஒன்றேதான் என்று ஒரே பெயர் வைத்திருந்தார்கள். வாணி அவற்றின் மரபணுவை எடுத்துப் படித்துப் பார்த்தாள். கடலோரத்தது ஒரு கூட்டமாகவும் உள்ளே இருப்பது இன்னொரு கூட்டமாகவும் பிரிந்து நின்றன. இட்லி அரிசியில் ஆட்டிய மாவும் ரேஷன் அரிசியில் ஆட்டிய மாவும் இரண்டு குண்டானில் இருந்தால், பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வேகவைத்து வாயில் போட்டால் தெரிந்துவிடும். மரபணு பார்ப்பது என்றால் வாயில் போட்டுப் பார்ப்பது. அவ்வளவுதான்.

ஆக, ஒன்று இல்லை, இரண்டு. நாலு வருஷமாக அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். ஊர் ஊராகச் சேகரித்த லைக்கன் பொட்டலங்களில் ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. செய்யூருக்குத் தெற்கே, கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஒரு பூவரசமரத்தில் எடுத்தது. வயல்பக்கக் கூட்டத்தில் போய் உட்கார வேண்டியது, கடலோரக் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டது. அவளுடைய பேராசிரியர் சொன்னது இது: பொட்டலம் மாறியிருக்கலாம், இல்லை சோதனையில் ஏதாவது கலந்திருக்கலாம். இரண்டும் இல்லையென்றால், இரண்டு வகை என்று நீ சொல்வதையே முதலிலிருந்து யோசிக்க வேண்டும். எடுத்துவந்த துண்டு சோதனையிலேயே தீர்ந்துவிட்டது. அதே மரத்தில், அதே வட்டத்தில், மறுபடி ஒரு துண்டு எடுத்து வா.

அன்றிலிருந்து பெண் சரியாகச் சாப்பிடவில்லை. இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வகைப்படுத்தினாளே தவிர வாயில் போடவில்லை. டிபன் கடைக்காரியின் மகள் பட்டினி கிடந்தால் கடையின் மானம் என்ன ஆவது. "நானும் வரேன்" என்றேன். "எதுக்கும்மா" என்றாள். "தேமலைப் பாக்கத்தான்" என்றேன்.

பொங்கல் முடிந்து இரண்டாவது ஞாயிறு கிளம்பினோம். வெயில் இன்னும் பல் முளைக்காத காலம். இந்தப் பக்கம் வருகிறவர்கள் தை, மாசியில் வாருங்கள்.

பொத்தேரியிலிருந்து செங்கல்பட்டுக்கு மின்சார ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய், அரைமணிக்குள் போய்விடும். காலை ஆறு மணி வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். ஜன்னலோரம் பிடித்தால் நல்லது, கொளவாய் ஏரி வரும்போது எட்டிப் பார்க்கலாம். செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டு நடக்கிற தூரம்தான். அங்கே திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ் ஏறினோம். முப்பது கிலோமீட்டர் இருக்கும், நாங்கள் போனபோது இருபத்தைந்து ரூபாய் வாங்கினார்கள். வாணி மடியில் பையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு புளியமரத்தையும் அவள் கண் மேலும் கீழும் தடவியது. நான் பெண் பார்க்கப் போனால் இப்படித்தான் பார்ப்பேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு வந்துட்டா, ஒண்ணுன்னே எழுதணும்மா" என்றாள் திடீரென்று.

"எழுது. உங்க சித்தப்பன் வூட்ல பாகம் பிரிச்சிகினு போயி, மறுபடி ஒரே அடுப்புல சமைக்கல? அதுல இன்னா வெக்கம் கீது."

"நாலு வருஷம்மா."

"அவங்க பதினோரு வருஷம் பேசாம இருந்தாங்க."

சிரித்தாள். நான் நீட்டிய டப்பாவிலிருந்து ஒரு இட்லி உள்ளே போயிற்று. கணக்கு ஆரம்பம்.

மாமல்லபுரத்தில் எங்களுக்கு வேலை ஒப்பிட்டுப் பார்க்கக் கடலோரத்து லைக்கன் கொஞ்சம் எடுப்பது. இங்கே ஒரு எச்சரிக்கை. கோயில், ரதம், பாறைச் சிற்பம் எதன்மேலும் லைக்கன் இருக்கும், ஆனால் அதைத் தொடவே கூடாது. உள்ளே போக டிக்கெட் நாற்பது ரூபாய், அது பார்ப்பதற்கு மட்டும். வாணி ஒரு பாறையிடம் பூதக்கண்ணாடியோடு குனிந்தாள், அவ்வளவுதான், காவலர் விசில் அடித்துவிட்டார். "சார், கண்ணு மட்டும்தான் வெச்சேன்" என்றாள். அவர் அவள் கையில் இருந்த கண்ணாடியை வாங்கித் தானும் பாறையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "தெனம் இது பக்கத்துலதான் நிக்கறேன், பூவாட்டம் கீதே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம் வேறு யாரோ சிற்பத்தில் சாய்ந்தபோது முன்னைவிடச் சத்தமாக விசில் அடித்தார்.

எடுக்கவேண்டியதை மீனவர் குப்பத்துப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், தோப்புக்காரரிடம் முன்னமே கேட்டுவைத்திருந்தபடி எடுத்தோம். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, மரத்த சொறியறே?"

"ஆராய்ச்சிண்ணே."

"சொறியறதுக்கு சம்பளம் தராங்களா?"

"கொஞ்சம் தராங்க."

அவர் வலையை மடித்துவைத்தார். "என் வூட்ல முப்பது வருஷமா எனக்கு முதுவு சொறிஞ்சி விடுது. பத்து பைசா குடுத்ததில்ல" என்றார். பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "குடுத்துட்டுப் பேசு." நாங்கள் மூன்று பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பினோம். இங்கே ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். லைக்கனைப் பிளாஸ்டிக் பையில் போடக் கூடாது, வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். காகிதத்தில்தான் மடிக்க வேண்டும். வாணி மடிக்கிற மடிப்பு, மளிகைக் கடையில் கல்பாசி மடித்துத் தருகிற அதே மடிப்பு. சொன்னேன். முறைத்தாள்.

மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி ரோட்டில் தெற்கே போகும் பஸ். கல்பாக்கம், கூவத்தூர் தாண்டி செய்யூர் கைகாட்டி நிறுத்தத்தில் இறங்கினோம், ஆளுக்கு நாற்பது ரூபாய். வழியெல்லாம் சவுக்குத்தோப்பு. அங்கிருந்து உள்ளே போக ஷேர் ஆட்டோ உண்டு, ஆனால் எங்களுக்குப் போக வேண்டிய ஊர் செய்யூருக்கும் அப்பால். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன், ஏன் என்று கொஞ்ச நேரத்தில் புரியும். தனி ஆட்டோ பேசினோம். என் வயசு டிரைவர். போக, காத்திருக்க, வர முன்னூற்றைம்பது என்றார். "அண்ணாத்த, ஆட்டோவையே வெலைக்குக் கேக்கல" என்று சொல்லி இருநூற்றைம்பதுக்கு முடித்தேன்.

எங்கே போகவேண்டும் என்று வாணி விளக்கினாள். மணிலா என்கிற வேர்க்கடலைக் கொல்லை வரும், ஒரு பம்பு செட்டு, அதைத் தாண்டி ரோட்டோரமாக ஒரு பூவரசமரம்.

"கண்ணாத்தா கோயிலா? அத்த முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"கோயில் இல்லண்ணே. சும்மா ஒரு மரம்."

"கோயில்தாம்மா. போன ஆடியில கூழு ஊத்துனாங்க. மஞ்சக் கயிறு கட்டுனா கேட்டது நடக்குது. என் மச்சான் லோன் அங்க கட்டித்தான் கெடைச்சிது."

வாணி என்னைப் பார்த்தாள்.

விஷயம் இது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை அந்த மரத்துக்குப் போனபோது, மறுபடி அடையாளம் தெரியவேண்டும் என்று மரத்தில் ஒரு நம்பர்த் தகடு கட்டியிருந்தாள். மற்ற ஊர்களில் சிவப்புப் பிளாஸ்டிக் நாடாவில் கட்டி, எல்லாவற்றையும் ஆடு தின்றுவிட்டது. அதனால் அந்தத் தடவை நல்ல நூல் வேண்டும் என்று கேட்டாள். வீட்டில் இருந்த நூல்கண்டைக் கொடுத்தனுப்பினேன். நோன்புக்கு வாங்கிய மஞ்சள் நூல். நம் ஊரில் ஒரு மரத்தைச் சுற்றி மஞ்சள் நூல் கட்டி, யாரும் பார்க்காத நேரத்தில் போய்விட்டால் என்ன ஆகும் என்று, படித்த அவளும் யோசிக்கவில்லை, வருஷம் தவறாமல் நோன்பு இருக்கிற நானும் யோசிக்கவில்லை.

ஆட்டோ நின்றது. பூவரசு அங்கேதான் இருந்தது, ஆனால் பட்டையே தெரியவில்லை. இடுப்பளவுக்கு மஞ்சள் கயிறு. அதன்மேல் ஒரு சிவப்புப் பாவாடை. கீழே செங்கல் வைத்து ஒரு மாடம், அதில் விளக்கு. கயிறுகளுக்கு மேலே, சரியாக ஆள் முகம் உயரத்தில், இரண்டு சாம்பல் வட்டங்கள். பக்கத்தில் பக்கத்தில், ஓரம் ஓரத்தைத் தொடுகிற மாதிரி. நடுவில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அது பார்த்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வாணியும் போட்டுக்கொண்டாள், அப்புறம் இல்லை என்கிறாள்.

அந்த இரண்டில் இடதுபக்க வட்டத்தில்தான் அவள் அன்றைக்குத் துண்டு எடுத்தது.

பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்திருப்பாள், எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண் குரல்கொடுத்துக்கொண்டே வந்தாள். நிறைமாசம். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"யாரும்மா நீங்க? கத்திய உள்ள வெய்யி. ஆத்தா கண்ணுல கத்தி வெக்கப் பாக்குறே?"

அவள் பெயர் தேவி. கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லாமல், இந்த மரத்தில் கயிறு கட்டிய பிறகு உண்டானது என்று டிரைவர் மெதுவாக என் காதில் சொன்னார். இன்னும் இரண்டு வாரத்தில் பிரசவம். அதற்கு முன்னால் இந்த மரத்தில் ஒரு இலையை யாரும் கிள்ள அவள் விடப்போவதில்லை.

வாணி விளக்கினாள். நகக்கண் அளவு போதும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது, இது காளானும் பாசியும். தேவி கேட்டுக்கொண்டே இருந்தாள். "எல்லாம் செரி. என் கொயந்த பொறக்கட்டும், அப்பறம் வா" என்றாள். அடுத்த மாதக் கடைசியில் வாணி ஆராய்ச்சி அத்தியாயத்தைக் கொடுத்தாக வேண்டும். அதையும் சொன்னாள். "உனக்குத் தேதி கீதுன்னா எனக்கும் தேதி கீது" என்றாள் தேவி. எனக்கே தேவி பக்கம்தான் நியாயம் போலிருந்தது. பெற்றவள் நான், வாயை மூடிக்கொண்டு நின்றேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

வாணி கத்தியைப் பைக்குள் போட்டாள். போய்விடலாம் என்று கண்ணைக் காட்டினேன். அவள் நகரவில்லை. "அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்றாள். என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயசில் கடைக் கல்லாவில் நாலணா எடுத்தால்கூட, கேட்பதற்கு முன்னால் அவளே வந்து சொல்லிவிடுவாள்.

"இந்த மரத்துல மொத கயிறு கட்டுனது நான்தாங்க்கா. வேண்டுதல் இல்ல. அடையாளத்துக்குக் கட்டுனேன். உள்ள பாத்தீங்கன்னா ஒரு தகடு இருக்கும்."

டிரைவர் ஆட்டோவைத் துடைக்க ஆரம்பித்தார். தேவி குனிய முடியாமல் கயிறுகளுக்குள் கையை விட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்து அந்தத் தகட்டை வெளியே இழுத்துப் பார்த்தாள். நம்பர் இன்னும் தெரிந்தது.

"இந்தத் தகட நான் அப்பவே பாத்தேன். ஆத்தாளுக்கு எதுக்குடா நம்பருன்னு. ஆதாராட்டம் எதுனா போட்டிருக்காங்கன்னு நெனச்சிகினேன்." தகட்டை மறுபடி உள்ளே, பழைய இடத்திலேயே செருகினாள். "வேண்டுதல் இல்லாம யாராவது கயிறு கட்டுவாங்களா? இன்னா நெனச்சிகினு கட்டுன, சொல்லு."

வாணி யோசித்தாள். "இதுக்கு ஒரு சரியான பேரு வெக்கணும்னு."

"பேரா?"

"ஆமாங்க்கா. இப்ப இருக்கற பேரு இதோடது இல்லன்னு தோணுது. இதுக்குன்னு ஒண்ணு வெக்கணும். அதுக்குத்தான் இவ்ளோவும்."

தேவி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தாள். "நான் கட்டுனதும் அதுக்குத்தான்" என்றாள். "வூட்ல ஒரு பேரு வெக்கணும்னு."

மணிலாக் கொல்லையில் காக்கா கத்தியது. எனக்குக் கண் கலங்கியது, வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் தேவி நிபந்தனை போட்டாள். கத்தி கூடாது. தண்ணி ஊற்றாமல் தொடக் கூடாது. இன்னொன்று: "ஒரு கண்ணுல மட்டும் எடுத்தா ஆத்தா ஒண்ணரக்கண்ணால பாக்கும். எடுத்தா ரெண்டுலயும் ஒரே அளவா எடு." வாணிக்கு வேண்டியது இடது வட்டம் மட்டும்தான். வலதுபக்கத்தை அன்றைக்கும் எடுக்கவில்லை, இன்றைக்கும் எடுக்கும் எண்ணம் இல்லை. ஒரே மரம், தொட்டுக்கொண்டிருக்கிறது, பார்த்தால் அச்சு அசல் அதுவேதான். ஒரு பொட்டலச் சோதனைக்கே செலவு இருக்கிறது. ஆனால் தலையை ஆட்டினாள்.

தேவி குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு, மரத்தின் முகத்தில் மெதுவாக ஊற்றினாள். குங்குமம் வழிந்து போனது. சாம்பலாக இருந்த இரண்டு வட்டமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாகிக்கொண்டே வந்தன. தண்ணீர் பட்டால் மேல்தோல் தெளிந்து உள்ளே இருக்கும் பாசி தெரியுமாம், வாணி அப்புறம் சொன்னாள். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது, கண் திறந்த மாதிரி. தேவிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, நிமிர்த்தி, வாணியிடம் நீட்டினாள்.

"இத்தால எடு. வலிக்காம எடு."

வாணி எடுத்தாள். மஞ்சள் குங்குமம் படாத ஓரமாகப் பார்த்து, இடதில் மூன்று செதில், வலதில் மூன்று செதில். தேவி பக்கத்தில் நின்று அளவு பார்த்தாள். "அதுல கொஞ்சம் ஜாஸ்தி" என்று ஒருமுறை சொன்னாள். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு செதில் சோதனைக்கு, ஒரு செதில் அலமாரியில் பாதுகாக்க, ஒன்று கைவசம். ஆறு பொட்டலம். நான் கொண்டுபோன டப்பாவில் மிச்சம் இருந்த இட்லியைத் தேவிக்குக் கொடுத்தேன். மிளகாய்ப்பொடி காரம் போதவில்லை என்றாள். நல்ல பெண். ஊக்கைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கிக்கொள்ளவில்லை. "மறுபடி வருவ இல்ல, வெச்சிக்க" என்றாள்.

திரும்புவதற்கு செய்யூரிலிருந்து மதுராந்தகம் பஸ், அங்கிருந்து செங்கல்பட்டு, அங்கிருந்து ரயில். கடலோர வழியைவிட இது சீக்கிரம், ஆளுக்கு எல்லாம் சேர்த்து அறுபது ரூபாய்க்குள். மதுராந்தகத்தில் டீ நன்றாக இருக்கும். வாணி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், வாய் கொஞ்சம் திறந்தபடி. ஆறு மாசக் குழந்தையாக இருந்தபோதும் அப்படித்தான் தூங்குவாள். அந்தப் பையை நான்தான் பிடித்துக்கொண்டு வந்தேன்.

முடிவு வர மூன்று வாரம் ஆயிற்று. அன்றைக்கு மதியக் கூட்டத்தில் கடைக்கு ஓடிவந்து, சாம்பார் வாளியோடு நின்ற என்னைக் கட்டிக்கொண்டாள். இடது கண் கடலோர வகை. பொட்டலம் மாறவில்லை, ஒன்றும் கலக்கவில்லை, முதலில் வந்தது சரியேதான். வலது கண் வயல்பக்க வகை. ஒரே மரம், ஒரே வெயில், ஒரே மழை, ஓரம் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு இரண்டும் இருக்கின்றன, ஆனால் ஒன்றோடு ஒன்று கலக்கவே இல்லை. இடத்தால் மாறியிருந்தால் ஒரே இடத்தில் எப்படி இரண்டாக இருக்கும்? அவளுடைய பேராசிரியர் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "வலது பக்கம் எடுக்கணும்னு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டாராம். "தோணலை சார், எடுக்கச் சொன்னாங்க" என்றாளாம்.

தேவிக்குப் பெண் குழந்தை, சுகப்பிரசவம். டிரைவர்தான் போன் செய்து சொன்னார். பெயரும் வைத்தாகிவிட்டது. வாணியின் லைக்கனுக்கு இன்னும் வைக்கவில்லை. அதற்கு எழுதி, அனுப்பி, நாலு பேர் படித்து, குறை சொல்லி, திருத்தி, அச்சாக வேண்டும். "உன் பேர வெச்சுடட்டுமா?" என்று என்னைக் கேட்டாள். "சமைக்கறவ பேரு வெக்கற வழக்கம்தான் இல்லையே" என்றேன்.

எனக்கு இந்தப் பயணத்தில் மனசில் நின்றது ஒன்றுதான். ஒன்று என்று நினைத்ததை இரண்டு என்று சொல்ல என் மகள் இவ்வளவு பாடுபட்டாள். அதே நேரம், ஒன்றுதான் என்று வந்திருந்தாலும் அப்படியே எழுதியிருப்பாள். கயிறு தன்னுடையது என்று சொன்னாளே, அதே வாய்தான். டாக்டர் பட்டம் கிடைத்தால் சந்தோஷம். எனக்கு வேண்டியது அன்றைக்கே கிடைத்துவிட்டது.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். அதிகாலை ரயிலைப் பிடியுங்கள். தண்ணீர், தொப்பி, சில்லறை எடுத்துப் போங்கள். சிற்பங்களைத் தொடாதீர்கள். மரத்தில் எதையாவது எடுப்பதாக இருந்தால் மரத்துக்காரரைக் கேளுங்கள், சாமி இருந்தால் சாமிக்காரரையும் கேளுங்கள். அடையாளம் கட்ட வேண்டுமானால் நீல நூல். ஒரு சின்னப் பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள், பக்கத்துத் தெருவுக்கே டிக்கெட் எடுக்காமல் போய்வரலாம்.

ஆறு பொட்டலத்தில் இரண்டு சோதனைக்குப் போயின. இரண்டு பல்கலைக்கழக அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. கைவசம் இருந்த இரண்டையும் பெயர்ச்சீட்டு எழுதுவதற்காக வாணி வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையல் மேடையில் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அன்று காலை கடைப் பரோட்டாவுக்கு வீட்டில் குருமா தாளித்தேன், கல்பாசிப் பொட்டலம் கைக்கெட்டிய இடத்திலேயே இருந்தது. வாசனை கொஞ்சம் குறைவாக இருந்தது. மற்றபடி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஹாஸ்டல் பையன் ஒருவன் இரண்டாவது கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டான்.